கண்ணீரும் நடுச்சுவர்க் கதவும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், அதிலும் அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவள், கண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்கவே வராது. ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போவார்கள். ‘நான்தான் முன்னாடி வந்தேன்’ என்று சொல்ல வேண்டியதை வீட்டுக்கு வந்த பிறகு மனதுக்குள் அழகாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அப்படிப்பட்டவள் எழுதுவதை ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அது மனதிலிருந்து வருகிறது என்றே பேசுகிறார்கள். என்னுடையது டேபிள் ஃபேனிலிருந்து வந்தது. அதையும் யாராவது எழுதத்தானே வேண்டும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசம் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் மைன்ஸில் பம்ப் வேலை பார்த்தார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை இரவு பகல் பாராமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். அந்தத் தண்ணீரோடும் மோட்டார்களோடும்தான் அவருடைய ஷிப்டுகள் எல்லாம் போயின. நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். ஒரே மகள், கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் கண்ணில் நீர் வர ஆரம்பித்தது. துக்கம் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன், இரண்டு கன்னத்திலும் வழியும். முதலில் கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். பிளாக்கில் இருந்தவர்கள் அதைவிட நல்ல காரணங்களாக வைத்திருந்தார்கள். நிலக்கரித் தூசி என்றார்கள். இந்த ஊரில் முடி கொட்டினாலும் நிலக்கரித் தூசிதான், பிள்ளை கணக்கில் ஃபெயிலானாலும் நிலக்கரித் தூசிதான். சிலர் தூசியோடு நிற்காமல் என் வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்று என்னிடமே கேட்டார்கள். அவர் டீகூட அரை டம்ளர்தான் குடிப்பார்.

நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சொல்லாததால் என் கண்ணே எனக்காகப் பேச ஆரம்பித்துவிட்டது. பேசியதெல்லாம் பொய்.

இழவு வீடுகளில் எனக்கு மரியாதை கூடியது. எங்கள் பக்கத்தில் சாவுக்கு வரும் பெண்கள், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழ வேண்டும். ஒவ்வொருவர் வரும்போதும் புதிதாக அழ வேண்டும். எனக்கு ஒப்பாரி சொல்ல வராது. முன்பெல்லாம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவேன். கண் கெட்ட பிறகு என்னைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் என் கண் பெருக்கெடுக்கும். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறையான ஒருவர், உயிரோடு இருந்தவரை என்னை ‘ஊமச்சி’ என்றே கூப்பிட்டவர், அவர் சாவில் அவருடைய சொந்த மகள்களைவிட நான் அதிகமாக அழுததாகப் பேர். “பெத்த புள்ளைங்க கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல, இவ பாரு” என்று அந்த மகள்களின் காதில் விழும்படியே சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த மகள்கள் என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பதில்லை.

அழுகையில் நிஜமான கைகாரி என் நாத்தனார்தான். என் வீட்டுக்காரருக்கு அக்கா, குள்ளஞ்சாவடியில் இருக்கிறார். ஒப்பாரியை நடுவில் நிறுத்தி, “அந்தக் காபியில சக்கர போட்டியா?” என்று கேட்டுவிட்டு, விட்ட அடியிலிருந்து சுருதி மாறாமல் தொடர்வார். அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து நான் பலமுறை அசந்துபோயிருக்கிறேன். குழாயைத் திருகுவதுபோலத் திருகுவார், மூடுவார்.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகும் நேரம் நெருங்கியது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்ற கேள்வி வந்தது. கேள்வி வருவதற்கு முன்பே நாத்தனார் பதிலை வைத்திருந்தார். அவர் வீட்டை ஒட்டிக் குடும்ப மனை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

எனக்கு மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தால் போதும். டவுன்ஷிப்புக்குப் பக்கம், என்னிடம் தைக்கிறவர்கள் வந்துபோக வசதி. அதைவிட முக்கியம், நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டால் அது போட்டதாக இருக்க வேண்டும். இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னேன் என்றால், சோறு போடும்போது, “மந்தாரக்குப்பத்துலகூட வூடு கெடைக்குமாமே” என்றேன்.

“கெடைக்கும்” என்றார். ரசம் ஊற்றச் சொன்னார். பேச்சு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்க பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க எதிர்க்காற்று. மனைக்குப் பின்னால் முந்திரித் தோப்பு, அதிலிருந்து இன்னும் காற்று. நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே இரண்டு கண்ணும் கொட்டிக்கொண்டிருந்தன. நாத்தனார் எதிரே வந்து என் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

“என்னா புள்ள, கண்ணு கலங்கிகினு நிக்கிற?”

“காத்து, அண்ணி.”

“காத்தாம். த பாருடா தம்பி, மனைய பாத்த ஒடனே இவளுக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. வாயத் தொறந்து சொல்ல மாட்டா. கண்ணு சொல்லுது பாரு.”

“இல்ல அண்ணி, வண்டியில வந்ததுல...”

“அட, ஆனந்தக் கண்ணீருக்கு எதுக்கு வெக்கப்படுற? இத்தினி வருசமா அந்தக் கோட்ரஸ்ல தனியா கெடந்த. இனிமே நான் இருக்கேன்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணும் லேசாகக் கலங்கியது. அது நிஜம் என்றுதான் நினைக்கிறேன். என்னுடையதைப் பார்த்து வந்த நிஜம்.

அதற்கப்புறம் நாத்தனார் காலால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். இங்கே என் சமையல்கட்டு. அங்கே அவருடையது. நடுவில் ஒரே சுவர். “ரெண்டு செவுரு எதுக்கு, தெண்டம். நடுச்செவுத்துல ஒரு கதவு வெச்சிட்டா போதும். நீ அடுப்புல கொழம்ப வெச்சா நான் இங்கேருந்தே வந்து உப்பு பாத்துட்டுப் போவேன்.”

“தாழ்ப்பா எந்தப் பக்கம், அண்ணி?” என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் கேட்ட துணிச்சலான கேள்வி அதுதான்.

“ஒரே குடும்பத்துக்குள்ள தாழ்ப்பா எதுக்குடி?” என்று சிரித்தார். என் கண் இன்னும் அதிகமாக வழிந்தது. “பாரு, பாரு” என்றார். அன்றைக்கே கொத்தனாருக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

என்னை டாக்டரிடம் போகவைத்தது பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள், மனதில் இருப்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். ஒருநாள் தைத்த பிளவுஸைக் கையில் விரித்துப் பிடித்தபடி வந்து நின்றாள்.

“அக்கா, இந்தக் கறை என்னான்னு பாருங்க. ஒங்க கண்ணீருதான். மனக்கவலையா இருந்தாலும் சரி, வியாதியா இருந்தாலும் சரி, என் பட்டு பிளவுஸ் வெட்டுறதுக்கு முன்னாடி முடிச்சுக்கிருங்க.”

இவ்வளவு காலத்தில் என் கண்ணீரைப் பற்றி வந்த ஒரே நேர்மையான பேச்சு அது. அடுத்த வாரமே அவளோடு பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போனேன்.

கண் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். என் கண்ணில் மரத்துப்போகும் மருந்தை விட்டு, மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை மடித்துக் கீழிமைக்குள் செருகி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். பட்டையின் நுனி மட்டும் நனைந்திருந்தது. பிறகு மஞ்சளாக ஏதோ சாயத்தைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

“உங்களுக்குக் கண்ணீர் பத்தலைம்மா” என்றார்.

கூட வந்தவள் சிரித்துவிட்டாள். “டாக்டர், இவுக கண்ணீருல பாத்திரம் கழுவலாம்.”

“அதுதான் பிரச்சனையே” என்றார் டாக்டரம்மா. அப்புறம் ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து சொல்லிக்கொடுத்தார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தப்பு இருந்தால் அது என்னுடையது, அவருடையது இல்லை.

கண்ணீர் வெறும் உப்புத்தண்ணீர் இல்லையாம். கண்ணின் மேலே எப்போதும் ஒரு மெல்லிய படலமாக இருக்கிறதாம், நாம் அழாதபோதும். அதில் அடியில் சளிபோல ஒரு வழவழப்பு, தண்ணீர் வழுக்கி ஓடாமல் கண்ணோடு ஒட்டியிருக்க. அதற்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் உப்பு, அதோடு கொஞ்சம் சர்க்கரை, கிருமியைக் கொல்லும் ஒரு புரதம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொட்டு எண்ணெய், படலமாக. இமையின் ஓரத்தில், மயிர் முளைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகச் சுரப்பிகள் இருக்கின்றன, அவை அந்த எண்ணெயைக் கசியவிடும். எண்ணெய் இருந்தால் தண்ணீர் காயாது. கண் சிமிட்டும்போதெல்லாம் இமை அந்தப் படலத்தைப் புதிதாக மெழுகிவிடுகிறது. கண்ணுக்குச் சாப்பாடும் அதுதான், குளியலும் அதுதான், காவலும் அதுதான். நாம் அதை வைத்து அழுகிறோம் என்பது ஒரு உபரி வேலை.

எனக்கு எண்ணெய் குறைந்துவிட்டது. இந்த வயதில் பெண்களுக்கு அப்படி ஆவதுண்டாம். அதோடு ஊசி முனையைப் பார்த்துக்கொண்டு நான் இமைக்கவே மறந்துவிடுகிறேன். எதிரே ஃபேன் வேறு. படலம் காய்ந்து பிய்ந்துபோகிறது. கண் எரிகிறது. உடனே மூளை பதறிப்போய் மேலே இருக்கும் பெரிய சுரப்பிக்குக் கட்டளை போடுகிறது, அது வாளி வாளியாகக் கொட்டுகிறது. ஆனால் அந்த அவசரத் தண்ணீரில் எண்ணெய் இல்லை, வழவழப்பு இல்லை. கண்ணில் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடும். கண் பழையபடி காய்ந்தே கிடக்கும்.

“அதாவது வெள்ளம் வந்தும் வயல் காஞ்சு கெடக்குற மாதிரி” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“வெங்காயம் வெட்டுறப்ப வர்றதும் இந்த அவசரத் தண்ணிதான்” என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினேன். அவரே, “சொல்லுங்கம்மா” என்றார்.

“மனசு கஷ்டப்பட்டு அழுதா, அதுவும் இதே தண்ணிதானுங்களா?”

“அதுல சில பொருள் கூடுதலா இருக்குங்கறாங்க. சிலர் அப்படியெல்லாம் இல்லைங்கறாங்க. முழுசாத் தெரியாது. ஆனா வர்ற வழி ஒண்ணுதான். வெளியிலேர்ந்து பாத்தா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

குள்ளஞ்சாவடியில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரே என்று சொல்ல நினைத்து, கைப்பையின் ஜிப்பை மறுபடி மூடினேன்.

வெந்நீர்த் துணியால் இமைக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னார். தைக்கும்போது நினைத்து நினைத்து இமைக்கச் சொன்னார். ஒரு சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்தார். மெடிக்கலில் வாங்கும்போது கடைக்காரர், “இது மருந்தில்லம்மா, செயற்கைக் கண்ணீர்” என்று விளக்கினார். ஊரெல்லாம் என் கண்ணீரைப் பார்த்துக் கதை கட்டிக்கொண்டிருக்க, நான் கடையில் பாட்டிலில் கண்ணீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் உடம்பைப் பற்றி அவர் அவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை.

“தண்ணி எங்கேருந்து வருது?”

“மேல் இமைக்குள்ள, காதோரமா ஒரு சுரப்பி.”

“டிஸ்சார்ஜ்?”

“மூக்கோரமா ரெண்டு சின்ன ஓட்டை இருக்குதாம். அது வழியா மூக்குக்குள்ள எறங்கிடும். அதான் அழுதா மூக்கும் ஒழுவுது.”

“அப்ப பம்ப் எது?”

“இமைக்கிறதுதானாம். இமைச்சா உள்ள இழுக்கும்.”

அவர் தொடையில் தட்டிக்கொண்டார். “த பாரு, நீ தைக்கும்போது பம்ப நிறுத்திட்ட. அதான் மேல ஓவர்ஃப்ளோ. இது கண்ணு கோளாறு இல்ல, ஆபரேட்டர் கோளாறு.” மறுநாள் ஷிப்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டாராம்.

நான் மெதுவாகக் கேட்டேன். “அப்ப அன்னிக்கு மனையில எனக்குக் கண்ணீரு வந்தது...”

“அது வேற” என்றார். “அது ஆனந்தம்.”

மைன்ஸில் அழுத்தமானியைப் பார்த்து, மண்ணுக்கடியில் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். என் மூஞ்சியில் அப்படி ஒரு மானி பொருத்தாமல் விட்டுவிட்டார்கள்.

ஒத்தடமும் சொட்டும் வேலை செய்தன. அவர் ரிட்டயர் ஆகிற நாளுக்குள் என் கண் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்த விழாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகிறவருக்கு மாலை, சால்வை, மேடையில் நாற்காலி. பக்கத்து நாற்காலியில் மனைவி. வேலை பார்த்தது அவர் என்றாலும் அழ வேண்டியது மனைவி. ஒவ்வொருவராக வந்து, இவர் இல்லாமல் பம்ப் எப்படி ஓடப்போகிறதோ என்று பேசுவார்கள். உயிரோடு இருக்கிற மனிதரைக் காலமானவரைப் போலப் பேசிப் பேசி, பிறகு காரில் பூ சுற்றி, மேளம் அடித்து, வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

வீடியோக்காரர் என் பக்கத்தில் குனிந்தார். “அம்மா, சார் மைக்க வாங்குனதும் உங்க மேலதான் கேமரா. அப்ப லேசா கண்ணத் தொடச்சுக்குங்க.”

“ஒண்ணும் வரலையேப்பா.”

“வரும்மா. எல்லாருக்கும் வரும்.”

எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் இத்தனை காலம் நைட் ஷிப்டு பார்த்து, பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கியவர். இனி ராத்திரியில் தூங்குவார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி ஒருவர் மைக்கில், “சகோதரியின் முகத்தைப் பாருங்கள், இந்த நிறுவனத்தைப் பிரிகிற துயரம்” என்று ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் இமைத்துக்கொண்டிருந்தேன், டாக்டரம்மா சொன்னபடி. அவர் பேச்சை மாற்றிக்கொண்டு உற்பத்தியைப் பற்றிப் பேசினார்.

முன்வரிசையில் நாத்தனார் எனக்கும் சேர்த்து அழுதார். வீடியோக்காரர் கடைசியில் கேமராவை அவர் பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் வீட்டு ரிட்டயர்மென்ட் வீடியோவில் மனைவி மாதிரித் தெரிவது அவர்தான். எனக்குப் பின்னால் யாரோ, “கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்கா பாரேன்” என்றார்கள். ஊர் சாவுக்கெல்லாம் கண் வழிய உட்கார்ந்தவள், தன் புருஷனுக்கு ஒரு சொட்டு விடவில்லை. பம்ப் சரியாகிவிட்டது என்று மேடையில் எழுந்து சொல்லவா முடியும்.

வீட்டில் ஆரத்தி, சாப்பாடு, எல்லாம் முடிந்தது. நாத்தனார் கிளம்பும்போது வாசலில் நின்று தம்பியிடம் சொன்னார்.

“நாளைக்கு நல்ல நாளு. காலையில கொத்தனாரு வந்து நூல் புடிக்கிறாரு. ரெண்டு பேரும் வந்து சேருங்க. கதவு எங்க வரணும்னு நான் சொல்லிக்கிறேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னிக்குத்தான் ஒன் மனசு எனக்குத் தெரிஞ்சுது” என்றார். அன்பாகச் சொல்லவில்லை.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் நான் சொன்னேன். வெளியில் சொல்லாமல் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

“எனக்கு அங்க வூடு வேணாங்க. அந்தக் கதவு வேணாம். மந்தாரக்குப்பத்துல வாடகைக்குப் பாக்கலாம்.”

அவர் சிரித்தார். “என்னா, திடீர்னு?”

“திடீர்னு இல்ல. எனக்கு மொதல்லேர்ந்தே இஷ்டம் இல்ல.”

“போம்மா. அன்னிக்கு மனையில நின்னுகினு எப்படி அழுத. நான் பாக்கல?”

“அது காத்துன்னு அன்னிக்கே சொன்னேன். டாக்டர் சொன்னத நீங்களே ஷிப்டு பூரா சொல்லிட்டு வந்தீங்க.”

“இஷ்டம் இல்லாதவ இப்படி சாதாரணமாவா சொல்லுவா? உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொல்ற. எங்க அக்கா இன்னிக்கு ஏதோ சொல்லிட்டாங்கன்னு கோவம். காலையில சரியாயிடும்.” துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அழுதபடி ‘காற்று’ என்றேன், நம்பவில்லை. அழாமல் ‘வேண்டாம்’ என்றேன், நம்பவில்லை. வாய் சொல்வது இந்த வீட்டில் செல்லாது. ஈரத்தோடு வந்தால்தான் செல்லும். அதுவும் அவர்களுக்குப் பிடித்த அர்த்தத்தில்தான் செல்லும் என்றால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

முன்னறைக்குப் போனேன். சாயங்கால வெளிச்சம் இருந்தது. சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்த டேபிள் ஃபேனை மிஷின் பக்கம் திருப்பினேன். முழு வேகத்தில் வைத்தேன். விழாப் பரபரப்பில் அன்று முழுக்கச் சொட்டு விட்டிருக்கவில்லை. இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து, கறுப்பு நூலைப் பிடித்துக்கொண்டு, ஊசிக் காதைப் பார்த்தபடி இமைக்காமல் உட்கார்ந்தேன். முதலில் கண் உறுத்தியது. பிறகு எரிந்தது. மேலே இருக்கும் சுரப்பிக்குக் கட்டளை போயிருக்க வேண்டும். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியபடியே, சொல்லிவைத்ததுபோல் வந்து கொட்டியது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நின்றார்.

“என்னாம்மா?”

“எனக்கு அங்க வூடு வேணாம். அந்தக் கதவு வேணாம்.”

அதே வாக்கியம்தான். முன்பு சொன்னதில் இல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை, தண்ணீரும் உப்பும் தவிர. அவருக்கு முகம் தொங்கிப்போனது. கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார்.

“இவ்ளோ கஷ்டத்த மனசுல வெச்சிகினா இத்தினி நாளா இருந்த?”

நான் கன்னத்தைத் தோளில் துடைத்தேன்.

“மொதல்லயே சொல்றதுக்கு என்னா?”

அவர் எழுந்து வந்து, தூசி கண்ணில் படுகிறது என்று ஃபேனை நிறுத்தினார். வாழ்நாள் முழுக்க மோட்டாரோடு இருந்த மனிதர், எது எதை ஓட்டுகிறது என்று அந்த ஒரு மோட்டாரில் மட்டும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், நூலை என் கையிலிருந்து வாங்கி ஊசியில் கோர்த்துக் கொடுத்தார். அவருக்கும் சாளேசுரம், கிட்டத்தில் இருப்பது மங்கும். மூன்று தடவை எச்சில் தொட்டு முயற்சி செய்தார்.

ஃபேன் நின்றுவிட்டது, கண் நிற்கவில்லை. மூக்கும் ஒழுக ஆரம்பித்தது. இப்போது வருவது எந்தத் தண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை. வர்ற வழி ஒண்ணுதான் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்றார். உள்ளேயிருந்து பார்த்தாலும் சில சமயம் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல வேண்டும்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

“அக்கா, கொத்தனார நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு... இல்லக்கா... நீ ஒண்ணும் சொல்லல... இல்ல, அவ அழுவுறா... ஆமா, அன்னிக்கும் அழுதா. அது வேற. இது அந்த அழுகை இல்லக்கா. எனக்குத் தெரியாதா?”

மறுநாள் காலை அவர் மந்தாரக்குப்பம் போய் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார், முன் கதவில் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் போட வேண்டும் என்றார். நாத்தனார் போனை எடுக்கவில்லை. நான் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் பட்டு பிளவுஸை வெட்டினேன்.